மூன்றாவது கட்டத்தில் ஐந்து எண்ணிக்கை

நம் கோயில் நூற்றாண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். தலைப்பையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள்: 'பாடகர்களுக்கு நோட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டுமா?' எளிய கேள்விதான். ஆம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் இரண்டு பக்கம் கேட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் நோட்டேஷன் படிக்கக் கற்றது, சாமியார் ஆவதற்குப் படிக்கும் குருமடத்தில். ஐந்து வருடம் அங்கே இருந்தேன். பிறகு எனக்குச் சாமியாராகும் தேவ அழைத்தல் இல்லை என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும், ஐந்து கோட்டு இசையெழுத்தைப் படிக்கும் திறமையும். ஊர்ப் பங்குக் கோயிலைச் சேர்ந்த நடுநிலைப்பள்ளியில் வேலை கிடைத்தது. கோயிலில் வெள்ளைக்காரச் சாமியார் காலத்து, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் ஒன்று, வாசிக்க ஆளில்லாமல் துணி மூடிக் கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மனப்பாடமான பாட்டுக்கும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் வாசிப்பேன். சனங்கள் அதைப் பார்ப்பார்கள். பெரியநாயகசாமி சார் படிச்சு வாசிக்கிறாரு என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பக்கத்தைப் பார்த்தால் எனக்கு எதுவும் கேட்காது. கண் புள்ளியைப் பார்க்கும், விரல் கட்டையை அழுத்தும், அதற்குப் பிறகுதான் ஒலி. குருமடத்தில் சில பையன்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள், வாயைத் திறக்காமலேயே அவர்களுக்குக் கேட்டுவிடும். எனக்கு அது வாய்க்கவில்லை. தட்டச்சு செய்கிறவர் கடிதத்தைத் தட்டுவதுபோல நான் வாசித்தேன். பிழையில்லாமல் தட்டினேன்.

ஜேசுராஜ் எங்கள் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, கூட்டிப் பெருக்குவது, மெழுகுதிரி ஏற்றுவது அவன் வேலை. அறுவடைக் காலத்தில் மட்டும் அவன் தெருக்காரர்களோடு வயலுக்குப் போவான். அவன் தெரு வாய்க்காலுக்கு அந்தப்புறம். அந்தத் தெருக்காரர்கள் அப்போதெல்லாம் கோயிலில் இடப்பக்கச் சிறகில் தனியாகத்தான் உட்காருவார்கள். அதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். எழுதாமலே தெரியக்கூடியவை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை நான் சற்று முன்னதாகக் கோயிலுக்குப் போனேன். உள்ளே ஆர்மோனியம் ஒலித்தது. போன ஞாயிறு நான் வாசித்த பாட்டு. ஆனால் அடியில் இன்னொரு குரல் கூடவே நடந்துவந்தது, மேல்குரல் ஏறும்போது அது இறங்கி, இறங்கும்போது தாங்கி. நான் நுழைந்ததும் நின்றுவிட்டது. ஜேசுராஜ் கையில் துடைக்கும் துணியோடு எழுந்து நின்றான்.

"யாரு வாசிச்சது?"

"நாந்தான் சார். தொடைக்கையில கை பட்டுருச்சு."

"ரெண்டு கையுமா?"

"காலும் பட்டுருச்சு சார்" என்று சொல்லிச் சிரித்தான்.

நானும் சிரித்தேன். அவன் போன பிறகு புத்தகத்தைத் திறந்து அந்த அடிக்குரலைத் தேடினேன். புத்தகத்தில் இருந்த அடிக்குரல் வேறு. அவனுடையது நன்றாக இருந்தது.

அந்த வருடம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று ஞாயிறு படுத்துவிட்டேன். லத்தீன் பாட்டுகள் போய்த் தமிழ்ப் பாட்டுகள் வந்திருந்த காலம். புதிதாக வந்த சாமியார் சின்ன வயசுக்காரர், ஜேசுராஜையே வாசிக்கச் சொல்லிவிட்டார். மூன்றாவது ஞாயிறு பூசை முடிந்து வந்த என் மனைவி அருள்மேரி, தலையில் போட்டிருந்த முக்காட்டை எடுக்காமலே வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"பாட்டு எப்படி?" என்று கேட்டேன்.

"காத்து மாதிரி இருந்துச்சுங்க."

"நான் வாசிக்கும்போது?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "நீங்க வாசிக்கும்போது பாட்டு மாதிரி இருக்கும்" என்றாள்.

இதைப் பொறாமை என்று நீங்கள் நினைக்கக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. ஐந்து வருடம் உழைத்து ஒருவன் பெற்றதை இன்னொருவன் துணியால் துடைத்துப் பெற்றுக்கொண்டால், எங்கோ ஒரு ஒழுங்கு தவறியிருக்கிறது. ஒழுங்கைப் பற்றிய கவலைதான் என்னுடையது.

உயிர்ப்பு ஞாயிறான பாஸ்காவுக்குப் பிறகு தஞ்சாவூரில் எல்லாப் பங்குப் பாடகர்களும் கூடிப் பாட ஏற்பாடாகியிருந்தது. பங்குக்கு ஒரு தலைவர். சாமியார் ஜேசுராஜ் பெயரைச் சொன்னார். நான் எதிர்க்கவில்லை. அங்கே எல்லோர் கையிலும் புத்தகம் இருக்கும், படிக்கத் தெரியாதவனை அனுப்பினால் நம் பங்குக்குத்தானே அவமானம் என்று மட்டும் சொன்னேன். சாமியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப நீங்களே கத்துக்குடுத்துடுங்க சார். அஞ்சு மாசம் இருக்குல்ல."

இப்படித்தான் அவன் என்னிடம் வந்தான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில், முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொள்வான். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. முதல் நாள் புத்தகத்தைத் திறந்து காட்டியதும் அதை அப்படியும் இப்படியும் பார்த்தான்.

"என்ன சார் இது? அஞ்சு வாய்க்கா ஓடுது. நடுநடுவுல கம்பு நட்டு வைக்கப் போர் போட்டு வச்சிருக்கு. பாதிப் போரு கரிஞ்சுபோயி கெடக்கு."

"கருப்பா இருக்கிறது சீக்கிரம் போகணும். வெள்ளை பொறுத்துப் போகணும். கம்புல கொடி இருந்தா இன்னும் சீக்கிரம்."

"கொடி வேறயா? எங்க மச்சான் கேட்டா சந்தோசப்படுவான்."

அவன் மச்சான் ரெத்தினம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முன்னே நிற்கிறவன். அறுபத்தேழில் ஆட்சி மாறியிருந்தது. ஏழைகளுக்கு நல்ல காலம் என்று எல்லாச் சுவர்களிலும் எழுதியிருந்தார்கள். ஆனால் களத்தில் அளக்கும் கூலி நெல் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. கூலியைக் கூட்டிக் கேட்டுச் சங்கத்துக்காரர்கள் அறுப்பை நிறுத்துவார்கள், மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்குவார்கள், வரப்பில் இரண்டு கூட்டமும் அரிவாளோடு எதிரெதிரே நிற்கும்.

பாட்டில் ஒலி இல்லாமல் விடும் இடத்துக்கு நிறுத்தம் என்று பெயர் சொல்லிக்கொடுத்தேன்.

"நாங்க பண்றமே, அதுவா சார்?"

"அது வேலைநிறுத்தம். இது சும்மா இருக்கிறது."

"சும்மா இருந்தாலும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டேல்ல இருக்கணும்? ரெண்டும் ஒண்ணுதான் சார்."

நான் சொன்னதையெல்லாம் கடைசியில் ஒரு தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வான். கருப்பு எல்லாம் சீக்கிரம். வெள்ளை பொறுத்து. கொடி இருந்தால் இன்னும் சீக்கிரம். நாலு எண்ணி நிறுத்தம். கையெழுத்து கோணலாக இருக்கும், ஆனால் தெளிவாக இருக்கும்.

ஒரு நாள் அவனும் உங்கள் கேள்வியைத்தான் கேட்டான். "இது தெரியாட்டி என்ன சார் ஆயிரும்? பாட்டு எங்கயும் ஓடிருமா?"

"நீ இல்லாத எடத்துல உன் பாட்டு இருக்காது. எழுதி வச்சா இருக்கும். படிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் எடுத்து, இது இன்னாரோட பாட்டுன்னு சொல்லுவான்."

அவன் இதைக் கேட்டதும் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் புரட்டினான். நான் சொன்னவற்றிலேயே அவனை மிகவும் தொட்டது இதுதான் என்று நினைக்கிறேன். மார்கழி முடிவதற்குள் அவனுக்குப் படிக்க வந்துவிட்டது. இரண்டே மாதம். அதிலும், பக்கத்தைப் பார்த்ததும் தலையாட்டினான். வாயைத் திறக்கவில்லை, கட்டையைத் தொடவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். அவனுக்குக் கேட்டது.

"நானே ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கேன் சார். முடிச்சுட்டுக் காட்டுறேன். சிரிக்கக் கூடாது" என்றான்.

அந்த வாரம் அருள்மேரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு எதையோ முனகினாள். நான் உள்ளே வந்ததும் நிறுத்திவிட்டாள். என்ன பாட்டு என்றேன். தெரியவில்லை, கோயிலைக் கூட்டும்போது ஜேசுராஜ் முனகுவது என்றாள். இரண்டு மூன்று சுரம்தான் என் காதில் விழுந்திருந்தது. மிச்சத்தைப் பாடச் சொல்லி நான் கேட்கவில்லை. அவளும் பாடவில்லை. முறம் மட்டும் தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தது.

பொங்கல் கழிந்து பத்தாம் நாள் மிராசுதார் இளையபெருமாளின் களத்தில் தீப் பிடித்தது. அஞ்சுகண் மதகுக்குப் பக்கத்தில், ஐந்து வாய்க்கால்கள் பிரியும் இடத்தில் இருந்த களம். நாலு வைக்கோல் போர் எரிந்தது. காவலுக்கு வெளியூரிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு கிழவர் ஒரு போருக்கு அடியில் படுத்திருந்தார். அவரும் அதிலேயே எரிந்து போய்விட்டார். யார் வைத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பீடி நெருப்பு என்றும் சிலர் சொன்னார்கள்.

போலீஸ் வாய்க்காலுக்கு அந்தப்புறத் தெருவுக்குள் போனது. ரெத்தினம் அதற்குள் எங்கோ போய்விட்டிருந்தான். ஜேசுராஜ் போகவில்லை, மணி அடிக்க வேண்டுமே என்று இருந்தான். அவன் வீட்டுக் கூரையிடுக்கில் நாலாக மடித்த ஒரு தாள் கிடைத்தது.

மறுநாள் மதியம் நிலையத்திலிருந்து எனக்கு ஆள் வந்தது. சாமியார் அன்று வேளாங்கண்ணி போயிருந்தார். அவர் ஊரில் இருந்திருந்தாலும் அவருக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியாது. போனேன். சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். ஜேசுராஜ் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. வெளியூரில் தொலைந்த பிள்ளை சொந்தக்காரரைப் பார்த்ததுபோல.

"சார் வந்துட்டாங்க. இனிமே கேளுங்க சார். அவுங்கதான் எனக்குச் சொல்லிக்குடுத்தவுங்க."

"சும்மா இரு" என்ற எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். "இது பாட்டுங்குறான். இதைப் பாருங்க, கருப்பு எல்லாம் சீக்கிரம்னு எழுதியிருக்கு. வெள்ளை பொறுத்துன்னு இருக்கு. நிறுத்தம்னு இருக்கு. கொடின்னு இருக்கு. இதுல எங்க சார் பாட்டு?"

"நான் பாடிக் காட்டுறேன் சார்" என்று ஜேசுராஜ் பாட ஆரம்பித்தான். ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்துக்குள் போவதற்குள் எஸ்.ஐ. மேசையைத் தட்டி நிறுத்தினார்.

"நீ பாடுனா பாட்டுதான். எம் பொண்டாட்டியும் பாடுவா. அந்தப் பாட்டு இந்தப் பேப்பர்ல இருக்கான்னுதான் கேக்குறேன். அதை நீ சொல்ல முடியாது. படிச்சவரு சொல்லணும்."

நோட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டுமா என்று கேட்டீர்கள் அல்லவா? அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர். படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவனுடைய சொல் செல்லாது.

தாளை நீட்டினார். பார்த்தேன். கோடுகளின் தொடக்கத்தில் போடும் சாவிக் குறி தூண்டில் முள்ளைப்போல எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது. கம்புகள் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. கட்டத்துக்கு நாலு எண்ணிக்கை என்று தொடக்கத்தில் எழுதிவிட்டு, மூன்றாவது கட்டத்தில் ஐந்து எண்ணிக்கை போட்டிருந்தான். இலக்கணப்படி அது பிழை. குருமடத்தில் இப்படி எழுதினால் தாளைக் கிழித்துப் போடுவார்கள்.

"எனக்குத் தெரிஞ்ச எழுத்து இல்லீங்க இது" என்றேன்.

ஜேசுராஜ், "சார், நம்ம கோயில் அலமாரியில அச்சுப் புஸ்தகம் இருக்குல்ல, அதைக் காட்டுங்க சார்" என்றான். குரலில் கோபம் இல்லை. எனக்கு ஏதோ மறந்துவிட்டது என்று நினைத்து நினைவுபடுத்தினான்.

புத்தகத்தை ஆள் அனுப்பி எடுத்துவரச் செய்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாவிக் குறியைக் காட்டினேன், கம்புகளைக் காட்டினேன், மூன்றாவது கட்டத்தை எண்ணிக் காட்டினேன். எஸ்.ஐ. கூடவே விரல்விட்டு எண்ணினார். ஐந்துதான் வந்தது. நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

"அப்ப இது என்னவா சார் இருக்கும்?"

"தெரியலீங்க. பார்த்தா அஞ்சு வாய்க்கா ஓடுற மாதிரி இருக்கு. நடுநடுவுல போர் போட்ட மாதிரி."

இதுவும் என் வார்த்தை அல்ல. முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்து அவன் சொன்னது. அப்படியே சொன்னேன்.

எஸ்.ஐ. தாளைத் தன் பக்கம் இழுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலால் கருப்புப் புள்ளிகளை எண்ணத் தொடங்கினார். அஞ்சுகண் மதகு என்று கான்ஸ்டபிளிடம் மெல்லச் சொன்னார். அப்போதுதான் ஜேசுராஜுக்குப் புரிந்தது. அவன் என்னைத் திட்டவில்லை. "சார்" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டான். நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள், வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

நீதிமன்றத்திலும் அதையே சொன்னேன். தாளைத் தீ வைக்கப் போட்ட களத்து வரைபடம் என்று எடுத்துக்கொண்டு அவனுக்கு ஏழு வருடம் போட்டார்கள். அவன் இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டது என்று அவன் மனைவி சாமியாரிடம் சொல்லி அழுதாள். மூன்றாவது மழைக்காலத்தில் சிறையில் இறந்துபோனான். காசநோய் என்று காகிதத்தில் இருந்தது. அவன் வீட்டார் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய்விட்டார்கள். தஞ்சாவூர்க் கூடுகைக்கு நான் போனேன். நன்றாக நடந்தது.

பங்கு நூலகத்தில் வெளிநாட்டு நாவல்களின் மொழிபெயர்ப்புகள் நிறைய உண்டு, எல்லாம் படித்திருக்கிறேன். அவற்றில் தவறு செய்தவர்கள் காய்ச்சலில் படுப்பார்கள், பனியில் அலைவார்கள், தெருவில் முழங்காலிட்டு அழுவார்கள். நானும் சில காலம் காத்திருந்தேன். எனக்குக் காய்ச்சல் வரவில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபப்பட்டது, பூசைக்குப் பிந்திப் போனது எல்லாம் சொன்னேன். இது பட்டியலில் வரவில்லை. பிழையைப் பிழை என்று சொல்வது எந்தக் கட்டளைக்கு விரோதம்?

இனி, இந்தக் கட்டுரையோடு மலரில் அச்சிட நீங்கள் கேட்டிருந்த அந்த உயிர்ப்பு ஞாயிறு பாட்டுக்கு வருகிறேன். என் பெயரில் இருபத்தைந்து வருடமாக நீங்கள் பாடுகிற பாட்டு. பக்கத்துப் பங்குகளிலும் பாடுகிறார்கள். அதை முதலில் எழுதிக் கொடுத்தபோது மூன்றாவது கட்டத்தை நாலு எண்ணிக்கையாகத் திருத்தித்தான் கொடுத்தேன். ஒத்திகையில் எல்லோரும் அந்த இடத்தில் தடுமாறினார்கள். முன்வரிசையில் நின்ற அருள்மேரி மட்டும் தடுமாறவில்லை. அவள் புத்தகத்தைப் பார்க்காமல் அந்தச் சுரத்தை ஓர் எண்ணிக்கை கூடுதலாகப் பிடித்து நின்றாள். மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள். அப்போது பாட்டு காற்றைப்போல இருந்தது. அவள் பாடி முடித்து என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சாப்பாடு போட்டாள். அதைப் பற்றி அவள் கேட்டதில்லை. அதன் பிறகு வீட்டில் அவள் எதையும் முனகியதும் இல்லை.

நிலையத்தில் நடந்ததில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். எஸ்.ஐ. தாளை என்னிடம் நீட்டியபோது அது தலைகீழாக இருந்தது. நான் வாங்கி, நேராகத் திருப்பிப் பிடித்தேன். கை தானாகச் செய்தது. எஸ்.ஐ. கவனிக்கவில்லை. ஜேசுராஜ் கவனித்தான். அதைப் பார்த்துத்தான் அவன் மூச்சுவிட்டு, சுவரில் சாய்ந்து, சிரித்தான். அப்போதுதான் எனக்குக் கேட்டது. கட்டையைத் தொடாமல், வாயைத் திறக்காமல், முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை, மேல்குரலும் அடிக்குரலும் சேர்ந்து. என் வாழ்நாளில் ஒரு தாள் என்னிடம் பாடியது அந்த ஒரு முறைதான். மூன்றாவது கட்டத்தில் அந்த ஐந்தாவது எண்ணிக்கை வந்தபோது டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அது பிழை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நூறு வருடம் உழைத்தாலும் எனக்கு அது வராது என்பதும் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து, எனக்குத் தெரிந்த எழுத்து இல்லை என்றேன்.

தாள் நீதிமன்றத்திலேயே தங்கிவிட்டது. பாட்டு என்னிடம் வந்துவிட்டது. தாளின் அடியில் 'வார்த்தை சார் போடுவாங்க' என்று எழுதியிருந்தது. எந்தச் சார் என்று எஸ்.ஐ. கேட்டார். ஊரில் நிறைய சார்கள் என்றேன். வார்த்தை போட்டிருக்கிறேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆம், படிக்கத் தெரிய வேண்டும். மிகவும் முக்கியம். பாட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். மூன்றாவது கட்டத்தில் ஐந்து எண்ணிக்கை இருக்கும், அச்சகத்தில் யாரும் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் என்னுடையதாகவே இருக்கட்டும். ஜேசுராஜ் பெயரைப் போடலாமா என்று நானும் யோசித்தேன். முடியாது. அந்தத் தாளில் இருந்தது பாட்டு இல்லை என்று அரசாங்கத்துக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவன் எழுதியது பாட்டு இல்லையென்றால், இந்தப் பாட்டு எப்படி அவனுடையதாக இருக்க முடியும்?